மியூசிக் மகசின் கவர் செய்தன், சேர் "கச்சேரி நோட்டீஸ்" எண்டுட்டார்... உதவி பிளீஸ்

மெரீன்டிரைவ்மழை:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பில கிராஃபிக் டிசைன் டிப்ளோமா முதலாம் வருஷம், வீடு வெள்ளவத்தை. எங்களுக்கு இந்த செமஸ்டர்ல ஒரு எசைன்மென்ட், புதுசா ஒரு மியூசிக் மகசினைக் கற்பனை பண்ணி அதுக்கு முன் அட்டை செய்யோணும், ஏ4 சைஸ், படம் எல்லாம் நாங்களே எடுத்ததா இருக்கோணும், கூகிள்ல எடுத்து ஒட்டினா மார்க்ஸ் இல்ல. மற்ற பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷ்ல பொப், ரொக் எண்டு போயிட்டினம். நான் மட்டும் வீராப்பா தமிழ்ல செய்யிறன் எண்டு சொல்லிட்டு இப்ப முழிச்சுக்கொண்டு இருக்கிறன்.

என்ட மகசினுக்குப் பேர் "கொழும்பு இசைச்சாரல்". கவர்ல என்ட பெரியம்மாட மகன் அண்ணா, மிருதங்கம் வாசிக்கிறவர். பட்டு வேட்டி, சால்வை, சம்மணம் கட்டி இருந்து கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பின்னால மெரூன் கிரேடியன்ட், சுத்திவர தங்கக் கலர் போடர், பேருக்கும் தங்கக் கலர், அதுக்கு ஷடோ. வலது பக்கம் ஒம்பது தலைப்பு போட்டிருக்கிறன், எல்லாம் ஒரே சைஸ், ஏனெண்டா எதைப் பெரிசாக்கிறது எதைச் சின்னனாக்கிறது எண்டு எனக்கே தெரியேல்ல.

திங்கட்கிழமை கொண்டுபோய்க் காட்டினன். சேர் கொஞ்ச நேரம் பார்த்திட்டு "இது மகசின் இல்ல பிள்ளை, சரஸ்வதி மண்டபத்தில ஆறு மணிக்குக் கச்சேரி எண்டு நோட்டீஸ்" எண்டார். வகுப்பே சிரிச்சுது. நானும் சேர்ந்து சிரிச்சிட்டு பஸ்ல வரேக்க அழுதன்.

இன்னொரு பிரச்சினை, போட்டொஷொப்ல "கொழும்பு" எண்டு யூனிகோட்ல அடிச்சா கொம்பு முன்னுக்கு வராம பின்னுக்குப் போய் நிக்குது, அதால பழைய பாமினி ஃபொன்ட்ல அடிச்சன், அது சரியா வந்துது, ஆனா சேர் பாமினி எண்டதும் முகத்தைச் சுளிச்சார். ஏன் எண்டு கேக்கப் பயம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். எதை மாத்திறது, எங்க தொடங்கிறது எண்டு யாராவது சொல்லுங்கோ.


வரிக்குதிரை:

தங்கச்சி, நான் ஒரு ஏஜென்சில டிசைனரா இருக்கேன், இதே மாதிரி ஒரு கவர் நானும் படிக்கிற காலத்துல செஞ்சு வாங்கிக் கட்டியிருக்கேன், அதனால அழ வேண்டாம். சேர் கொஞ்சம் கடுப்பாத்தான் சொல்லியிருக்கார் ஆனா சரியான இடத்துல கை வச்சிருக்கார். நோட்டீஸ்ல எல்லாத்தையும் சொல்லியாகணும், யாரு, எங்க, எத்தன மணிக்கு, பிரதம விருந்தினர் யாரு. சுவருக்கு முன்னால நிக்கிற ஆள் அத வாசிச்சு முடிச்சா வேலை முடிஞ்சுது. கவருக்கு அந்த வேலையே இல்ல. கடைக்குப் பால்மா வாங்க வந்தவன் கைய நீட்டி எடுக்கணும், எடுத்தா தான் உள்ள என்னன்னு தெரியணும்.

நாளைக்கே காலி வீதில ஒரு பேப்பர் கடைக்கு முன்னால போய் ரோட்டுக்கு மற்றப் பக்கம் நின்னு பாருங்க. கயித்துல கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பாங்க, ஒன்னுக்கு மேல ஒன்னு ஏறி இருக்கும். சிலதுல தலை மட்டும் தெரியும், சிலதுல இடது ஓரம் மட்டும் தெரியும். பேர் மேல இருக்கிறதும், முக்கியமான வரி இடது பக்கம் வாறதும் அதனால தான். நீங்க ஒம்பதையும் வலது பக்கம் அடுக்கினா கடையில ஒன்னும் தெரியாது.

ஒம்பதுல ஒன்ன மட்டும் எடுங்க, அத பெருசா போடுங்க. சின்னதா மூனு வைக்கலாம். மிச்சத்த உள்ளடக்கப் பக்கத்துக்கு அனுப்பிடுங்க.

தமிழ்ல ஒரு சிக்கல் இருக்கு, இங்கிலீஷ்ல செய்றவங்களுக்கு அது விளங்காது. அவங்களுக்கு கெப்பிட்டல் எழுத்து இருக்கு, முழுசா கெப்பிட்டல்ல போட்டா உடனே தலைப்பு மாதிரி வந்துடும். நமக்கு அது கிடையாது, நம்ம கையில இருக்கிறது தடிப்பு, சைஸ், கலர், இந்த மூனு தான். அதனால நிறைய தடிப்புகள் உள்ள ஒரு ஃபொன்ட் குடும்பத்த எடுத்து அதுக்குள்ளயே விளையாடுங்க. கட்டமரான்ல ரொம்ப மெல்லிசுல இருந்து ரொம்பத் தடிப்பு வரைக்கும் 9 இருக்கு. முக்த மலரும் நல்லம். பேருக்கு மட்டும் பலூ தம்பி மாதிரி கொழுத்த ஒன்னு. எல்லாம் கூகிள் ஃபொன்ட்ஸ்ல சும்மா கிடைக்குது.

அப்புறம் எழுத்துக்கு நடுவுல ஸ்பேஸ் கூட்டுறது (டிரெக்கிங்) இங்கிலீஷ்ல ஸ்டைலா இருக்கும், தமிழ்ல செஞ்சா கொம்பு தனிய, எழுத்து தனிய, கால் தனியன்னு குடும்பம் பிரிஞ்ச மாதிரி ஆயிடும், தொடவே வேண்டாம். வரிக்கு வரி இடைவெளி கொஞ்சம் தாராளமா விடுங்க, மேல் வரியில "கூ" வந்து கீழ் வரியில "கீ" வந்தா வாலும் சுழியும் முட்டிக்கும்.

கொம்பு பின்னுக்குப் போறது ஃபொன்ட்ல பிழை இல்ல. பிரெஃபரன்சஸ்ல டைப்புக்குப் போய் வேர்ல்ட் ரெடி லேஅவுட்ட தெரிவு செஞ்சு (பழைய வேர்ஷன்ல மிடில் ஈஸ்டர்ன் அன்ட் சவுத் ஏசியன்னு இருக்கும்) மூடித் திறங்க, பிறகு பரகிராஃப் பெனல் மெனுலயும் அதையே டிக் பண்ணுங்க. இன்டிசைன்லயும் இதே கதை தான், அங்க பரகிராஃப் கொம்போசர்னு இருக்கும்.

ஷடோவ தூக்குங்க. தயவு செஞ்சு.


சும்மாவந்தவன்:

ஒம்பது தலைப்புல ஒன்னு "ஆசிரியரின் வாழ்த்துச் செய்தி" இல்லன்னு நம்புறேன்


மெரீன்டிரைவ்மழை:

...இருக்கு.


மருதானைமைக்காரன்:

மகள், நான் பிரஸ்ல முப்பது வருஷத்துக்கு மேல. ஈய எழுத்துக் கோர்க்கிற காலத்தோட கடைசிப் பக்கத்தைப் பார்த்தவன். டிசைனைப் பத்தி மேல அந்தப் பிள்ளை நல்லாச் சொல்லிட்டாங்க, நான் அச்சுக்கு வந்தா என்ன நடக்கும் என்டு மட்டும் சொல்றேன்.

சேர் பாமினிக்கு முகம் சுளிச்சது ஏன் என்டால், பாமினியில நீங்க அடிக்கிறது உண்மையில தமிழே இல்லை. "தமிழ்" என்டு ஸ்கிரீன்ல தெரியிற சொல்லு கொம்பியூட்டருக்கு ஜே, கே, பி, ஓ, அதோட ஒரு செமிகோலன். அந்த இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் முகமூடி மாட்டியிருக்கு, அவ்வளவு தான். உங்கட பைலை ஃபொன்ட் இல்லாத மெசினில திறந்தால் முகமூடி கழன்டுடும். ஒருமுறை ஒரு கல்யாணக் கார்ட் இப்படி மாப்பிள்ளை பேர் இருக்க வேண்டிய இடத்தில செமிகோலனும் கமாவுமா 400 அடிச்சு முடிஞ்ச பிறகு தான் பார்த்தோம். பிழை எங்கட பக்கமும் தான், புரூஃப் பார்க்காமல் அடிச்சது. யூனிகோட்ல செய்யுங்க, அச்சுக்குக் குடுக்கிறப்போ பிடிஎஃப் ஆக்கி ஃபொன்ட்டை உள்ளுக்குள்ள எம்பெட் பண்ணிக் குடுங்க.

ஏ4 என்டால் 210க்கு 297 மில்லிமீற்றர். நீங்க பைல் செய்ய வேண்டியது 216க்கு 303, நாலு பக்கமும் 3 மில்லி பிளீட், அதாவது வெட்டி எறியிறதுக்காகக் கூட விடுற ஓரம். வெட்டுற கத்தி ஒரு மயிரிழை அங்கால இங்கால போகும், பிளீட் இல்லாட்டி ஓரத்தில வெள்ளைக் கோடு பல்லைக் காட்டும். ஓரத்துல தங்க போடர் போட்டிருக்கிறதா சொன்னீங்களே, அது இன்னும் மோசம், ஒரு பக்கம் தடிப்பா ஒரு பக்கம் மெல்லிசா வெட்டுப்படும், எவ்வளவு நல்ல கட்டர் என்டாலும். எடுத்துடுங்க.

தங்கக் கலர் என்டு ஸ்கிரீன்ல மினுங்குறது நாலு கலர் அச்சில வராது. சிஎம்வைகேல (அது தான் அந்த நாலு மை) அது கடுகு கரைச்ச மாதிரி, இல்லாட்டி மண் மாதிரி இருக்கும். உண்மையான தங்கம் வேணும் என்டால் ஃபொயில் அடிக்கணும், இல்ல மெட்டலிக் மை, ரெண்டும் உங்கட எசைன்மென்டுக்கு வீண் செலவு. அதே மாதிரி நியோன் பிங்க், மின்சார நீலம் எல்லாம் ஸ்கிரீன்ல மட்டும் தான் உயிரோட இருக்கும். ஆர்ஜிபில (ஸ்கிரீன் கலர் முறை) செய்து கடைசி நாள் மாத்தாமல் ஆரம்பத்திலயே சிஎம்வைகேல பார்த்துப் பழகுங்க.

பார்கோட் போடுவீங்க தானே, பிள்ளைகள் எல்லாம் மறக்காமல் போடுவாங்க ஆனால் நெட்ல கிடைச்ச பிஸ்கட் பெக்கட் பார்கோடைப் போடுவாங்க. இலங்கைக் கம்பனிச் சாமான் பார்கோட் 479ல தொடங்கும். சஞ்சிகைக்கு ஐஎஸ்எஸ்என் என்டு அதுக்கென்டே குடுக்கிற நம்பரை வச்சு 977ல தொடங்கும். உங்கட சேர் கவனிப்பாரோ தெரியாது, கவனிச்சால் ஒரு மார்க் கூட. அளவு சாதாரணமா 37க்கு 26 மில்லி அளவு, 80 வீதம் வரைக்கும் குறைக்கலாம், அதுக்குக் கீழ கடைகளில ஸ்கேன் ஆகிறது கஷ்டம். அழகுக்காகக் கோடுகளைச் சிவப்பில போடாதீங்க, ஸ்கேனர் அடிக்கிறதே சிவப்பு வெளிச்சம், அதுக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்டு தான்.

சமர்ப்பிக்கிற கொப்பியை 250 ஜிஎஸ்எம் (தாள்ட எடைக் கணக்கு) ஆர்ட் போர்ட்ல எடுங்க, மெட் லெமினேட் பண்ணினால் கையில பிடிக்கவே ஒரு மதிப்பு.


கொட்டாஞ்சேனைகிட்டார்:

எல்லாரும் ஃபொன்ட் பிளீட்டுன்னு சொல்றீங்க, எனக்கு வேற ஒரு டவுட். இந்த மகசின யாரு வாங்குறது? மழை, நீங்க இத வாங்குவீங்களா, உண்மைய சொல்லுங்க?

"இசைச்சாரல்"னு கேட்டதும் எனக்கு ஸ்கூல் தமிழ் மன்றத்துல வருஷா வருஷம் அடிக்கிற மலர் தான் ஞாபகம் வருது, நல்ல பேர் தான் ஆனா வாசிக்கிற ஆளுக்கு வயசு 55. கொழும்புல நம்ம வயசு தமிழ்ப் பிள்ளைகள் என்ன கேக்குதுகள், பஸ்ல ஹெட்போன மாட்டிட்டு ராப் கேக்குதுகள், கிரிஷான் மகேசன் இங்க தமிழ்ல ராப் செஞ்சு எத்தன வருஷமாச்சு, 2021ல யொஹானி பாடினது சிங்களம் விளங்காதவன் வாயிலயும் ஓடுச்சு, வீட்ட போனா அம்மா கர்நாடக சங்கீத கிளாஸுக்கு விரட்டுவாங்க, அப்பா பழைய கசெட்ல சிலோன் மனோகர், நித்தி கனகரத்தினம்னு பைலா போடுவார், எல்லாம் ஒரே வீட்டுக்குள்ள நடக்குது. அத செஞ்சா உங்க மகசின் மாதிரி இன்னொன்னு இருக்காது. மெரூன் கலரும் பட்டு வேட்டியும் வேணும்னா கல்யாண ஸ்டூடியோக்காரனே செஞ்சு தருவான்.

பேர் சின்னதா வைங்க. வெளியில பாருங்க, கெராங் (1981ல வந்த ரொக் மகசின்) கிட்டார் தந்திய ஓங்கி அடிக்கிற சத்தம் தான் பேரே, எழுத்தெல்லாம் கண்ணாடி வெடிச்ச மாதிரி விரிசல் விட்டிருக்கும், வாசிக்க முன்னமே சத்தம் கேக்கும். கியூன்னு ஒரு பிரிட்டிஷ் மகசின் இருந்துச்சு, 1986ல இருந்து 2020 வரைக்கும், சிவப்புப் பெட்டிக்குள்ள ஒத்த வெள்ளை எழுத்து, அவ்வளவு தான். நீங்க பத்து எழுத்து வச்சிருக்கீங்க, அத ஏ4 அகலத்துக்குள்ள அடைச்சா ரோட்டுக்கு மற்றப் பக்கம் இல்ல, கடைக்குள்ள நின்னாலும் தெரியாது. தட்டு, அடி, ரெண்டுல ஒன்னு வைங்க. மிருதங்கமும் தட்டுறது தான், போன்ல பீட் போடுறதும் தட்டுறது தான்.


வரிக்குதிரை:

"தட்டு" நல்லா இருக்கு பா. ஆனா சாப்பாட்டு மகசின்னு நெனச்சுட்டா?


கொட்டாஞ்சேனைகிட்டார்:

அதுக்குத்தானே அக்கா படம் இருக்கு


வரிக்குதிரை:

சரி விட்டுட்டேன். மழை, ஒன்னு சொல்ல மறந்துட்டேன். ரோலிங் ஸ்டோன் மாதிரி பெரிய மகசின் கவர் பார்த்திருப்பீங்க, ஆள்ட தலை பேருக்கு மேல ஏறி ரெண்டு எழுத்த மறைச்சிருக்கும், பார்க்க சூப்பரா இருக்கும். அவங்க 1967ல இருந்து வர்றாங்க, பாதி எழுத்து மறைஞ்சாலும் எல்லாருக்கும் தெரியும். உங்கட முதல் இதழ். பேர மறைக்காதீங்க, வேணும்னா ஒரு விரல் நுனி தொடட்டும்.


அஞ்சரைவெயில்:

நான் போட்டோ எடுக்கிற ஆள், படத்தைப் பற்றி மட்டும். மகசினுக்கு எடுக்கேக்க நிமிர்த்திப் பிடிச்சு எடுங்க, தலைக்கு மேல பேருக்கும் இடது பக்கம் வரிகளுக்கும் வெறும் இடம் விட்டு எடுங்க. எடுக்கேக்க "என்னடா இவ்வளவு காலியா இருக்கு" எண்டு தோணும், அப்ப தான் சரியா விட்டிருக்கிறீங்க.

போன்ல எடுத்தாலும் காணும். 300 டிபிஐல (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4க்கு 2480க்கு 3508 பிக்சல் வேணும், 12 மெகாபிக்சல் போன் 3000க்கு 4000 தரும், பிளீட்டையும் சேர்த்தாலும் இடமிருக்கு. ஆனா பாதியை வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்தைப் பெருப்பிக்கேலாது, கிட்டப் போய் எடுங்க. போட்ரெயிட் மோட் வேண்டாம், அது வாத்தியத்திட வாரையும் தலைமயிரையும் சேர்த்து மங்கலாக்கி வைக்கும், அச்சில பார்த்தா கத்தரிக்கோலால வெட்டின மாதிரி. முக்கியமா அண்ணாட போன்ல எடுத்தா அந்தப் படத்தை வாட்ஸப்ல சாதாரணமா அனுப்ப விடாதேங்கோ, நான் ஒருக்கா வாங்கிப் பார்க்க நீளப் பக்கம் 1600 தான் மிஞ்சியிருந்துது, ஏ4க்கு அது பாதியும் இல்ல. டொக்கியுமென்டா அனுப்பச் சொல்லுங்கோ.

வெள்ளவத்தைல இருக்கிறீங்க, மெரீன் டிரைவ் இருக்கு, பின்னேரம் அஞ்சரைக்குப் போங்க. எல்லாரும் கடலைப் பின்னுக்கு வச்சு எடுப்பினம், சூரியன் அங்கால தான் இறங்குது எண்டதால முகம் கரிக்கட்டை ஆகிடும். ஆளைக் கடலைப் பார்க்க விடுங்கோ, நீங்க கடலுக்கு முதுகு காட்டி நிண்டு எடுங்கோ, மஞ்சள் வெயில் முகத்தில விழும், பின்னால பிளட்ஸ் மாடிவீடுகள், பல்கனில காயிற உடுப்பு. எனக்கு அது தான் கொழும்பு. ரெயில் பாதைப் பக்கம் மட்டும் இறங்க வேண்டாம், படத்துக்காக உயிரை விடேலாது.


மெரீன்டிரைவ்மழை:

எல்லாருக்கும் கனக்க நன்றி, ஒவ்வொருத்தருக்கும் தனியப் பதில் போடேல்ல, நாலு நாளா இதோட தான் இருந்தன். என்ன நடந்தது எண்டு சொல்லோணும்.

அண்ணாட்டக் கேட்டன் மெரீன் டிரைவுக்கு வாங்கோ எண்டு. ஓம் எண்டவர், மிருதங்கத்தோட எண்டதும் மாட்டன் எண்டுட்டார். கடல் காத்தில தோல் இளகிடும், ஸ்ருதி இறங்கிடும், உன்ட மார்க்ஸுக்காக என்ட மிருதங்கத்தைக் கொல்லப் போறியா எண்டு கேட்டார். அதால பிளட்ஸ் உள்பக்கப் பல்கனில எடுத்தம், வேட்டி இல்ல, அவர் வீட்டில போடுற கறுப்பு டீஷேர்ட். முதல் முப்பது படமும் சிரிப்புப் படம், ஒண்டும் சரிவரேல்ல. பிறகு அவர் என்னை மறந்திட்டுத் மிருதங்கத்தின்ட தொப்பிப் பக்கத்துக்கு ரவை குழைச்சு அப்பத் தொடங்கினார், இடது பக்கம் சத்தம் கனக்கிறதுக்கு அப்பிறது. அப்ப போன் அடிச்சுது, கையெல்லாம் ரவை, எடுக்கேலாம அந்தக் கையை விரிச்சுத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். அந்தப் படம் தான் கவர். முகம் பாதி, முன்னுக்கு விரிஞ்ச கை, விரல் நுனியில வெள்ளையா ரவை காயுது, கீழ மிருதங்கத்தின்ட வலது பக்கம், வலந்தலையில இருக்கிற கறுப்பு வட்டம்.

மேல "தட்டு", பலூ தம்பில, வெள்ளை. போடர் இல்ல, ஷடோ இல்ல. அவரிட நடுவிரல் ட்டு எண்ட எழுத்தைத் தொடுது, அக்கா சொன்ன மாதிரி. பெரிய வரி: "கையில ரவை, லப்டொப்பில பீட்". ஏனெண்டா அண்ணா ராவில ஹிப்ஹொப்புக்குப் பீட் செய்யிறவர், முதல்ல செய்த கவர்ல அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்ல, எனக்கு அது போடக்கூடிய விஷயம் எண்டே தோணேல்ல. சின்ன வரிகளில எனக்குப் பிடிச்சது "அப்பாட கசெட் பெட்டிக்குள்ள என்ன இருக்கு". வாழ்த்துச் செய்தி இல்ல.

மைக்காரன் ஐயா சொன்ன மாதிரி பிளீட் வச்சு, பிடிஎஃப் ஆக்கி, போர்ட்ல எடுத்து மெட் லெமினேட் பண்ணினன். முதல் புரூஃப்ல கறுப்பு டீஷேர்ட்டும் பின்னுக்கிருந்த நிழலும் ஒண்டாப்போய் ஆளுக்குத் தோளே இல்ல, ரெண்டாந்தரம் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி எடுத்தன், காசு ரெட்டிப்பு.

இண்டைக்குக் காட்டினன். சேர் கையில எடுத்துப் பார்த்திட்டு முதல்ல கேட்டது, "இது என்ன கையில, மாவா?" நான் உள்ளுக்கு வாசிச்சாத் தெரியும் சேர் எண்டன். எங்கயிருந்து அந்தத் துணிவு வந்துதோ தெரியாது. கொஞ்சம் சிரிச்சார். பிறகு பேனையை எடுத்து, பெரிய வரி கொஞ்சம் மேல ஏறோணும், பார்கோட் பெரிசு, பாதியாக்கு எண்டார். 80 வீதத்துக்குக் கீழ போனா ஸ்கேன் ஆகாது சேர் எண்டு சொன்னன். நிமிர்ந்து பார்த்தார், ஒண்டும் சொல்லேல்ல, பேனையை மூடி வச்சிட்டார்.


மருதானைமைக்காரன்:

977 போட்டீங்களா?


மெரீன்டிரைவ்மழை:

போட்டன் ஐயா